பட்டியலும் ஓவியமும் ஒரே குறிப்பேட்டில்

வீட்டு வேலைகளைக் குறித்துவைக்க ஒரு குறிப்பேடு, வரைவதற்கு வேறொன்று என்று பிரித்து வைத்துக்கொள்வதே முறையானது என்று பலரும் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வரைவதற்கென்றே வாங்கிய அழகான ஏடு, மனமும் நேரமும் கூடிவரும் நாளுக்காக அலமாரியிலேயே காத்துக்கிடக்கும். கணக்கும் பட்டியலும் மட்டுமே நிரம்பிய ஏட்டையோ, எழுதி முடித்த பின் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே ஏட்டில் இருந்தால், செய்ய வேண்டிய வேலை நாள்தோறும் நம்மை அந்தப் பக்கத்துக்கு இழுத்து வருகிறது. வந்த இடத்தில் கையும் சும்மா இருப்பதில்லை. லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் இன்று எஞ்சியிருக்கும் பக்கங்கள் 7,000க்கும் மேல். உடற்கூறு, நீரோட்டம், இயந்திரங்கள் பற்றிய வரைபடங்களோடு, செலவுக் கணக்குகளும், யாரைப் பார்த்து எதைக் கேட்டறிய வேண்டும் என்ற நினைவூட்டல்களும் அவற்றில் கலந்தே கிடக்கின்றன.

ஒழுங்கு என்ற பாதிக்கு, ரைடர் கேரல் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 2013இல் இணையத்தில் அறிமுகப்படுத்திய புல்லட் ஜர்னல் முறையே எனக்குத் தெரிந்தவற்றில் எளிமையானது. சிறுவயதிலேயே கவனக்குறைபாடு இருப்பதாகக் கண்டறியப்பட்ட அவர், சிதறும் கவனத்தைச் சமாளிக்கத் தமக்காக உருவாக்கிக்கொண்ட முறை அது. செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு புள்ளி, நிகழ்வுக்கு ஒரு சிறு வட்டம், குறிப்புக்கு ஒரு கோடு. வேலை முடிந்தால் புள்ளியின் மேல் பெருக்கல் குறி. பக்கங்களுக்கு எண்ணிட்டு, முதல் இரண்டு மூன்று பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு ஒதுக்கிவிட்டால், எந்தக் குறிப்பையும் எந்த வரிசையிலும் எழுதலாம்.

ஆனால் அந்த முறையின் உயிர் குறியீடுகளில் இல்லை. மாத இறுதியில் செய்யும் இடமாற்றத்தில் இருக்கிறது. முடிக்காத வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்னும் தேவைப்படுபவற்றை மட்டும் புதிய மாதத்தின் பக்கத்தில் மறுபடி கையால் எழுத வேண்டும். கைபேசிச் செயலி நிலுவை வேலைகளைத் தானாகவே மறுநாளுக்குத் தள்ளிவிடுவதால், நாம் ஒருபோதும் செய்யப்போவதில்லை என்று உள்ளூர அறிந்த வேலைகள்கூட ஆண்டுக்கணக்கில் பட்டியலில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது முறை ஒரே வரியை எழுத நேரும்போது வரும் சலிப்பு, "இது உண்மையில் வேண்டுமா?" என்று கேட்க வைக்கிறது. பெரும்பாலும் வேண்டியிருக்காது.

இங்கேதான் அலங்காரம் குறுக்கிடுகிறது. இணையத்தில் காணப்படும் ஜர்னல் பக்கங்களில் பெரும்பாலானவை, மாதம் பிறக்கும் முன்பே பூவேலையும் கட்டங்களும் வாஷி டேப் என்ற அலங்காரக் காகித ஒட்டுநாடாவும் சேர்த்து முடிக்கப்பட்டவை. அப்படி முன்கூட்டியே அழகுபடுத்திய பக்கத்தில் அவசரக் கையெழுத்தில் எதையாவது கிறுக்க மனம் வராது. முதல் பிழையோடு ஏடே கைவிடப்படும். எனவே நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: முதலில் பட்டியல், நாள் முடிந்த பிறகு வண்ணம். அடித்தல் திருத்தல்களோடு கிடக்கும் பக்கத்தின் மிச்ச வெளியில் வரையும்போது, அந்த ஓவியம் நடந்து முடிந்த நாளைப் பற்றியதாக அமைகிறது. வெற்றுத்தாளைப் பார்த்து மலைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வரைதலே ஒழுங்குக்கு உதவும் இடங்களும் உண்டு. அவற்றை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. மேல்தட்டில் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதை வரி வரியாக எழுதுவதைவிட, அலமாரியின் முகப்பை ஒருமுறை வரைந்து ஒவ்வொரு கட்டத்திலும் ஓரிரு சொற்களை இடுவது தேடும் வேலையைக் குறைக்கும். சுவருக்கு வண்ணம் பூசும்போது மிஞ்சியதில் ஒரு தீற்றலை ஏட்டில் இட்டு, பக்கத்தில் நிற எண்ணையும் அறையின் பெயரையும் எழுதிவைத்தால், பின்னொரு நாள் ஒரு மூலை உரிந்துவிட்டால் எந்த நிறம் என்று திண்டாட வேண்டாம். தொட்டிச் செடிகளை அவற்றின் இலையாலேயே அடையாளம் காட்டி, உரமிட்ட தேதியைக் கீழே குறிக்கலாம். தண்ணீர் வடிகட்டியை மாற்றிய நாள், உத்தரவாதம் முடியும் நாள் போன்றவை வெறும் தேதிகளாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் படமாக்க முயல்வது வீண் வேலை.

பொருட்களைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை என்றாலும், காகிதத்தின் தடிமன் மட்டும் முக்கியம். தாளின் எடையைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்லும் அளவு ஜிஎஸ்எம்; 70, 80 ஜிஎஸ்எம் கொண்ட சாதாரணத் தாளில் ஸ்கெட்ச் பேனாவின் மை மறுபக்கம் ஊறிவிடும். ஈரமான நீர்வண்ணம் பூசினால் தாள் சுருங்கி நெளியும். நீர்வண்ண ஓவியர்கள் 300 ஜிஎஸ்எம் தாளை விரும்புவது இதனால்தான். ஆனால் அத்தகைய ஏடு கனமானது, பட்டியல் எழுத ஏற்றதும் அன்று. 120 முதல் 160 ஜிஎஸ்எம் வரையிலான தாள் இரண்டு வேலைக்கும் ஈடுகொடுக்கும். 148 மில்லிமீட்டர் அகலமும் 210 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஏ5 அளவு கைக்கு அடக்கமாக இருக்கும். எழுத்தின் மேல் வண்ணம் பூச எண்ணினால், காய்ந்த பின் நீரில் கரையாத பிக்மென்ட் மை கொண்ட பேனாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேய்த்தால் மறையும் பேனாக்களை இந்த ஏட்டில் தவிர்ப்பது நல்லது. அவற்றின் மை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நிறமிழந்துவிடும்.

எழுதும் நேரமாக நான் பரிந்துரைப்பது உறங்கப் போவதற்கு முந்தைய சில நிமிடங்கள். 2018இல் உறக்க ஆய்வாளர் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 பேரிடம் நடத்திய ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் அடுத்த சில நாட்களின் வேலைகளைப் பட்டியலிட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கினர். சிறிய ஆய்வுதான், ஆயினும் மனத்தில் உருண்டுகொண்டிருப்பதைத் தாளில் இறக்கிவைப்பது உறக்கத்தை எளிதாக்குகிறது என்பதைச் செய்து பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

குடும்பத்தினர் எல்லோரும் புரட்டும் ஏட்டில் அந்தரங்கத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி எழும். ஓவிய ஜர்னல் எழுதுவோரிடம் இதற்கு ஒரு வழி இருக்கிறது: சொல்ல முடியாததைப் பக்கம் நிறைய எழுதி, அதன் மேலேயே ஜெஸ்ஸோ என்ற வெண்ணிற அடிப்பூச்சைப் பூசி, அது காய்ந்ததும் அங்கேயே வரைவது. எழுதிய பயன் எழுதியவருக்கு உண்டு. படிக்க யாருக்கும் வாய்ப்பில்லை. ஒரு பூச்சில் எழுத்து முழுவதும் மறையாது என்பதால் இரண்டாவது பூச்சும் தேவைப்படும். அது நன்றாக உலரும்வரை பக்கங்களுக்கு நடுவே மெழுகுத்தாள் ஒன்றை வைக்காவிட்டால், எதிர்ப்பக்கத்துப் பட்டியலும் அதோடு ஒட்டிக்கொள்ளும்.