ஐந்து மாடும் ஒரு முழங்காலும்

தை 2, மாட்டுப் பொங்கல்

காலையில் செவலைக்குக் கொம்பில் நீல வர்ணம் அடித்து, நரசிங்கம்பேட்டை நெட்டி மாலை போட்டு, பொங்கலும் ஊட்டியாயிற்று. ஒரு பொடியன் பின்னாலிருந்து வெடியைக் கொளுத்திப் போட்டான். அவ்வளவுதான். முளைக்குச்சியையும் பிடுங்கிக்கொண்டு, அறுப்புக்கு நின்ற பக்கத்துச் சம்பா வயலுக்குள் இறங்கிவிட்டது. துரத்திப் போன நான் வரப்பில் வழுக்கி விழுந்தேன். சித்தப்பா மாட்டைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார். "நீ ஓடுனா அது இன்னும் ஓடத்தாண்டா செய்யும்." போய்க் கன்றைப் பிடித்துக்கொண்டு வந்து வரப்பில் நிறுத்தினார். அது ஒரு சத்தம் கொடுத்ததும் செவலை தானே ஏறி வந்தது.

தை 3

முழங்கால் வீங்கிக் கிடக்கிறேன். சேற்றில் கிடந்தபோதே நினைவுக்கு வந்தது திருமந்திரம்தான். "பார்ப்பான் அகத்திலே பாற்பசு ஐந்துண்டு, மேய்ப்பாரும் இன்றி வெறித்துத் திரிவன." பார்ப்பான் என்பதை இங்கே சாதியாக எடுக்கவேண்டாம், உள்ளே இருந்து பார்க்கிறவன். பசு ஐந்தும் ஐம்புலன். மேய்ப்பவர் வாய்த்து வெறி அடங்கினால் ஐந்தும் பாலாய்ச் சொரியும் என்று முடிக்கிறார் திருமூலர்.

படுத்துக்கொண்டே மற்ற விலங்குகளையும் கணக்கெடுத்தேன். கட உபநிடதத்தில் உடம்பு தேர், புலன்கள் குதிரை, மனம் கடிவாளம், புத்தி சாரதி. வள்ளுவர் 24-ஆம் குறளில் அங்குசம் வைத்து ஐந்தையும் காக்கச் சொல்கிறார், ஆகவே யானை. 126-இல் ஆமை. மனோதத்துவ அறிஞர் ஃபிராய்ட் 1923-இல் வேட்கையைக் குதிரையாகவும் 'நான்' என்பதை மேலே உட்கார்ந்தவனாகவும் சொன்னார். கீழே விழாமல் இருக்க, குதிரை போகிற பக்கமே ஓட்டுவதுபோல அவன் ஓட்டவேண்டியிருக்கிறதாம். நேர்மையான ஆள்!

குதிரை, யானை என்றதுமே பயம் வந்துவிடுகிறது. இழுத்துப் பிடி, குத்தி அடக்கு. ஆமையோ உள்ளே போய்விடு என்கிறது. பசு மட்டும்தான் ஒன்றைக் கொடுக்கிற பிராணி. அதுவும் மிரட்டினால் கொடுக்காது. நேற்றுச் சாயங்காலம் செவலை பாதிப் பால்கூடக் கறக்கவில்லை. மிரண்ட மாடு பாலை மடியில் இறக்காது என்று சித்தப்பா செம்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். 'வெறி அடங்கினால்' என்ற சொல்லை நாற்பது வருஷமாக உபதேசமாகவே படித்திருக்கிறேன். மாடு கறப்பவன் பேச்சு அது.

தை 5

வீக்கம் அப்படியே. "உடம்பினை முன்னம் இழுக்கென் றிருந்தேன்" என்று அதே திருமூலரைப் பாடிக்கொண்டே ஒத்தடம் கொடுக்கிறாள் வீட்டுக்காரி. கேலிதான். வாக்கிங் போகச் சொல்லி அலுத்தவள்.

தை 9

கால் மடங்குகிறது. பஸ் பிடித்துத் திருவாவடுதுறை போய் வந்தேன். திருமூலர் அரச மரத்தடியில் இருந்து பாடியதாகச் சொல்லும் ஊர்.

பெரிய புராணக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். காவிரிக்கரையில் சாத்தனூர் இடையன் மூலன் செத்துக் கிடக்கிறான். மாடுகள் மோந்து, சுற்றி வந்து, கதறுகின்றன. கயிலையிலிருந்து வந்த யோகிக்கு மனம் தாங்கவில்லை, அவன் உடம்பில் புகுந்து திருமூலர் ஆகிவிடுகிறார். உடம்பு கெட்டது என்று நினைத்த யோகியை ஒரு உடம்புக்குள் இறக்கியது மாட்டின் அழுகை.

எனக்கு இத்தனை நாள் உறைக்காதது அடுத்த காட்சி. பொழுது சாய்ந்ததும் அவர் மாடுகளை ஓட்டவில்லை. புதிதாக வந்தவருக்கு வழி எங்கே தெரியும்? கன்றை நினைத்துக்கொண்டு அவை தாமே மெல்ல முன்னால் நடந்து சாத்தனூருக்குள் போகின்றன. இவர் பின்னால் போகிறார். தேரும் இல்லை, கடிவாளமும் இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது இருட்டிவிட்டது. செவலை தெருமுனை திரும்பி வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா இருபதடி பின்னால், போனில் யாரிடமோ நெல் விலை பேசிக்கொண்டே வந்தார். "கால் எப்படிடா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நடந்தார்.