கோபத்துக்குத் தனி மனு கிடையாது

ஜீவனாம்ச உத்தரவு கைக்கு வந்து நாலைந்து மாதம் ஆனதும் பல பெண்கள் மறுபடி என் ஆபீஸ் படியேறுவார்கள். "ஒரு பைசா வரலை மேடம். கன்டெம்ப்ட் போட்டு உள்ள தள்ளுங்க." உத்தரவை மதிக்காவிட்டால் அவமதிப்பு, அவமதித்தால் ஜெயில் என்கிற அளவுக்குச் சட்டம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தென் மாவட்டம் ஒன்றின் குடும்ப நல நீதிமன்றத்தில் மனைவிமாருக்கும் ஆஜராகிறேன், கணவன்மாருக்கும் ஆஜராகிறேன். நான் பார்த்தவரை, அவமதிப்பு மனு போட்டுப் பணம் வந்தது அபூர்வம்.

குடும்ப நல நீதிமன்ற உத்தரவை மீறினாலும் அவமதிப்புக்குத் தண்டிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்குத்தான். எங்கள் ஊர்க்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். 1971 ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகபட்சம் ஆறு மாத வெறுங்காவல், 2,000 ரூபாய் அபராதம். அந்த 2,000 ரூபாயும் மனைவிக்கு வராது. போய் நின்றதும் பெஞ்சில் முதலில் கேட்பது, "நிறைவேற்று மனு போட்டீர்களா?" என்பதுதான். கீழே வழி இருக்கும்போது மேலே வந்தது ஏன் என்று கேட்டால் பதில் சொல்லச் சிரமம்.

கீழே உள்ள வழி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125(3). 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய நடைமுறைச் சட்டத்தின் 144 ஆகிவிட்டது, எங்கள் கோர்ட் வராந்தாவில் இன்னும் "ஒன் ட்வென்டி ஃபைவ்" என்றுதான் பேச்சு. நிலுவையை அபராதம் போல வசூலிக்க வாரண்ட் போடலாம். அதற்குப் பிறகும் கட்டாமல் நிற்கும் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை. ஆனால் தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு இரண்டு மூன்று வருடம் சும்மா இருந்துவிட்டு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் அடிபடுகிறார்கள். 2013-இல் நம் மாநிலத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓராண்டு தாண்டினால் இந்த வாரண்ட் வழிதான் மூடும், பணத்தின் மீதுள்ள உரிமை போகாது, சிவில் வழியில் கேட்கலாம் என்றது. கேட்க ஆறுதலாக இருக்கும். அந்தச் சிவில் வழியில், உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனா பின்னால் அலைந்தவர்களுக்குத் தெரியும் அதன் நீளம்.

அதனால் முதல் நாளே நான் கேட்பது பாஸ்புக். மாதம், கட்ட வேண்டியது, வந்தது, பாக்கி என்று நாலு கட்டம் போட்டு என் குமாஸ்தா எழுத ஆரம்பிப்பார். அப்போதுதான் சங்கதிகள் வெளியே வரும். ஒரு வழக்கில் மாதம் 8,000 உத்தரவு. கணவர் அவ்வப்போது ஆயிரம், இரண்டாயிரம் என்று ஜிபேயில் அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றிலும் குறிப்பு: "கடன்". பின்னால் திருப்பிக் கேட்கலாம் என்ற யோசனை போலிருக்கிறது. இன்னொருவர் பிள்ளையின் பள்ளிக் கட்டண ரசீதைக் கொண்டுவந்து பாக்கியில் கழிக்கச் சொன்னார். உத்தரவில் அப்படி இல்லாதபோது, தானாகக் கட்டியதைத் தானாகக் கழித்துக்கொள்ள முடியாது. 2024 டிசம்பரில் கோயம்புத்தூரில் ஒருவர் 80,000 ரூபாயை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களாக மூட்டை கட்டிக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்ததும், நோட்டாக மாற்றிவரச் சொல்லி நீதிமன்றம் திருப்பி அனுப்பியதும் செய்தியில் வந்தது. எங்கள் வக்கீல் சங்கத்தில் அன்று முழுக்க அதுதான் பேச்சு.

வாரண்ட் போனதும் பாதி நேரம் "ஆள் ஊரில் இல்லை" என்று திரும்பும். ஆளைக் காட்டுங்கள் என்று ஸ்டேஷனில் அந்தப் பெண்ணையே கேட்பார்கள். சரி, பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அண்ணனோ மச்சானோ சாயங்காலத்துக்குள் 96,000 பாக்கியில் 25,000 கொண்டுவருவார். வாரண்டைத் திரும்பப் பெறுவார்கள், அடுத்த வாய்தா. அந்த 25,000 பெரும்பாலும் கணவருடைய அம்மாவின் வளையலை அடகு வைத்து வந்ததாக இருக்கும். கொடுக்க வேண்டியவன் பையிலிருந்து வந்ததை விட அம்மா கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் வந்ததுதான் அதிகம் என்பது என் கணிப்பு. இதைச் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சிறைக்கே போனாலும் பாக்கி கழியாது. காவல் என்பது கட்ட வைக்கும் வழி மட்டுமே, கட்டியதற்குச் சமம் ஆகாது என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "ஒரு மாசம் இருந்துட்டு வந்துடறேன், கணக்கு முடிஞ்சுது" என்று வீம்பாகப் போனவர்கள் இதைத் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

மாதச் சம்பளக்காரராக இருந்தால் நான் வாரண்டுக்கு முன் சம்பள ஜப்தியைத்தான் யோசிப்பேன். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் கொஞ்சம்தான் கை வைக்க முடியும். ஜீவனாம்சத் தீர்ப்புக்கு மூன்றில் ஒரு பங்குதான் விலக்கு. மீதியில் கை வைக்கலாம். எந்தச் சட்டத்தில் வாங்கிய ஜீவனாம்ச உத்தரவையும் பணத் தீர்ப்பைப் போல நிறைவேற்றலாம் என்று 2020 நவம்பர் 4-ஆம் தேதி ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபின் இது சுலபமாகிவிட்டது. சம்பளம் போடும் அலுவலகத்துக்கு உத்தரவு போய்ச் சேர்ந்தால் போதும், கணவருக்கும் மனைவிக்கும் நடுவில் மாதாமாதம் நடக்கும் சண்டை ஓயும். கையில் கூலி வாங்கும் கொத்தனாரிடம் இது எடுபடாது.

கணவர் தரப்புக்கு வருகிறேன். அவர்கள் வருவதே ஏட்டு வீட்டுக்கு வந்து போன பிறகுதான். நோட்டீஸ் வாங்காமல் விட்டு, அவர் இல்லாமலே உத்தரவு எக்ஸ்பார்ட்டியாகி, அதை ரத்து செய்யக் கேட்கும் மூன்று மாத அவகாசமும் போயிருக்கும். வளைகுடாவிலிருந்து வேலை போய்த் திரும்பியவர் ஒருவர், பழைய சம்பளத்தை வைத்துப் போட்ட தொகையை உண்மையிலேயே கட்ட முடியாமல் நின்றார். அவருக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது: சூழ்நிலை மாறியதைக் காட்டித் தொகையைக் குறைக்கக் கேட்கலாம். ஆனால் மனு போடாமல் ஒளிந்து திரிந்த மாதங்களின் பாக்கி அப்படியே நிற்கும். "வேலை இல்லை" என்ற ஒரு வரி போதாது. உடம்பில் தெம்பிருந்தால் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எதிர்த்தரப்பு உடனே எடுத்து நீட்டும். நான் சொல்வது ஒன்றுதான்: முடிந்ததை மாதாமாதம் வங்கி வழியாகவே போடுங்கள். இல்லாதவனையும் கொடுக்க மனமில்லாதவனையும் நீதிபதி பிரித்துப் பார்ப்பது அந்தப் பணம் போன தேதிகளை வைத்துத்தான்.

அவமதிப்பு மனு வேலை செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மேல்முறையீட்டில் சமரசம் பேசி, தவணையாகக் கட்டுகிறேன் என்று கணவர் உயர் நீதிமன்றத்திலேயே உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு தவணையோடு நின்றது. கையில் காசில்லை என்றார். என் கட்சிக்காரரின் தம்பி சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில், உறுதிமொழி கொடுத்த பிறகு அவர் தன் பெயரில் இருந்த மனையை விற்றது தெரிந்தது. உறுதிமொழி ஒரு பக்கம், கிரயப் பத்திரம் ஒரு பக்கம் வைத்ததும், வேண்டுமென்றே மீறினார் என்று காட்ட நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாய்தாவில் மன்னிப்பு கேட்டு அபிடவிட்டும் மொத்தப் பாக்கிக்கு டிடியும் வந்தன. மன்னிப்பை ஏற்று மனுவை முடித்துவிட்டார்கள். டிடியை வங்கியில் போட்ட கையோடு பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கச் சொல்லி என் கட்சிக்காரரை அனுப்பினேன். வரும் மாதத் தொகை நின்றால் மறுபடி கீழ்க் கோர்ட்டில் அதே நாலு கட்டத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.