சொத்தை வேறு, அமிலத் தேய்வு வேறு

"பல் கூசுது, சொத்தை விழுந்திருச்சு போல" என்று வாயைத் திறந்து காட்டுகிறவர்கள் சிலருக்குச் சொத்தையே இருக்காது. பல் வழவழவென்று கண்ணாடி போல மின்னும். கடைவாய்ப் பல்லின் முகட்டில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். பழைய அடைப்பு மட்டும் சுற்றியுள்ள பல்லைவிட உயரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அடைப்பு வளரவில்லை, பல்தான் கரைந்து கீழே போயிருக்கிறது. இது அமிலத் தேய்வு. இவரிடம் போய் இன்னும் நன்றாக அழுத்தித் துலக்கச் சொன்னால் மிச்சமிருக்கும் எனாமலும், அதாவது பல்லின் கெட்டியான மேலுறையும், போய்விடும். சேலம் வட்டாரத்தில் பல் ஆய்வு செய்கிறவர்களின் வேலையில் பாதி, இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான்.

இரண்டிலும் பல்லைக் கரைப்பது அமிலம். சொத்தையில் அந்த அமிலத்தைப் பல்லில் படிந்த பாசியில் வாழும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று உண்டாக்குகின்றன. தேய்வில் அமிலம் நேராகவே வருகிறது: எலுமிச்சை, கோலா, ஊறுகாய், அல்லது வயிற்றிலிருந்து எதுக்களித்து மேலே வரும் புளிப்பு.

சொத்தைக் கணக்கு செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்துக் கொலுசுப் பட்டறையில் நன்றாகப் புரியும். உட்கார்ந்த இடத்துக்கே டீ வந்துகொண்டிருக்கும். ஒரு டம்ளரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அவ்வளவுதான். ஆனால் கை வேலையில் இருப்பதால் ஒரு வாய் குடித்து வைத்துவிட்டு, கால் மணி கழித்து அடுத்த வாய். சர்க்கரை பட்ட சில நிமிடங்களில் பல்பாசியின் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கிவிடும் (பி.எச். குறையக் குறைய அமிலம் கூடும், 7 என்றால் நடுநிலை). அந்த எல்லைக்குக் கீழே எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கழன்று வெளியேறும். உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்கு ஏற்ற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் அடுத்த வாய் டீ உள்ளே போனால் பல் மீள நேரமே கிடைப்பதில்லை. அதே சர்க்கரையைப் பாயசமாக மதியச் சாப்பாட்டோடு சாப்பிட்டிருந்தால் ஒரே ஒரு இறக்கம்தான்.

அளவைவிட எத்தனை முறை என்பது முக்கியம் என்பதை உறுதிப்படுத்தியது சுவீடனில் 1945இல் தொடங்கிய விப்பெஹோம் ஆய்வு. ஒட்டிக்கொள்ளும் டாஃபியைச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே தின்றவர்களுக்குச் சொத்தை மளமளவென்று ஏறியது. சாப்பாட்டோடு இனிப்பு உண்டவர்களுக்கு அந்த அளவு ஏறவில்லை. ஆனால் அந்த டாஃபியைத் தின்றவர்கள் மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் இருந்தவர்கள். அவர்களிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. அந்த முடிவைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

ஆகவே வருகிறவரிடம் என்ன, எப்போது சாப்பிட்டார் என்று உணவுக் குறிப்பு எழுதச் சொல்லும்போது மூன்று நாள் எழுதச் சொல்ல வேண்டும். அதில் ஒன்று விடுமுறை நாளாக இருக்க வேண்டும். "காப்பி" என்று மட்டும் எழுதி வருவார்கள். கூட இருந்த பிஸ்கட்டும், குடித்து முடிக்க ஆன நேரமும் விடுபட்டிருக்கும். ஏற்காட்டு எஸ்டேட்டில் பிளாஸ்கில் கடுங்காப்பி கொண்டுபோகிறவர் அதை "ஒரு தடவை" என்று எழுதுவார். விசாரித்தால் அது காலையிலிருந்து மதியம் வரை நீண்டிருக்கும். பட்டியலை விட மணிக்கணக்குதான் முக்கியம்.

அமிலத் தேய்வுக்கு வேறு கணக்கு. இங்கே பி.எச். மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். தயிரின் பி.எச். ஏறக்குறைய 4. அப்படியானால் பல்லைக் கரைக்க வேண்டுமே? கரைப்பதில்லை. தயிரில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் பல்லிலிருந்து இழுக்க அதற்குத் தேவையில்லை. எலுமிச்சைச் சாற்றில் அந்த நிறைவு கிடையாது, பி.எச்.சும் 2லிருந்து 2.5தான். வெயிலில் வந்தவருக்கு உப்புப் போட்ட எலுமிச்சை சோடாவைவிட மோர் எவ்வளவோ மேல். உப்புப் போட்டால் புளிப்பு நாக்குக்குத்தான் குறையும், பல்லுக்குக் குறையாது.

ஒரு பானத்தைச் சோதிக்க 50 மில்லி எடுத்து, 0.1 மோலார் அடர்த்தியுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். 7 வர எத்தனை மில்லி பிடிக்கிறது என்று பார்ப்போம். அந்த அளவு கூடினால், உமிழ்நீர் அதைச் சமன்செய்யத் திணறும் என்று பொருள். சோடா வகைகளை முதலில் நன்றாகக் கலக்கி வாயுவைப் போக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் கணக்கில் ஏறி, ஒரே பாட்டிலுக்கு மூன்று தடவையில் மூன்று விடை வரும். பி.எச். மீட்டரை, பி.எச். 4, 7 உள்ள இரண்டு கரைசல்களிலும் அன்றன்றைக்குச் சரிபார்க்க வேண்டும்.

பற்பசை பல்லைக் காக்கிறதா என்று பிடுங்கிய பல்லில் சோதனை செய்யும்போது தவறுகள் இன்னும் நுட்பமானவை. பல் ஒரு நாள் உலர்ந்தாலே எனாமலில் வெடிப்பு ஓடும், கிருமி வளராமல் தடுக்கும் 0.1 சதவீதத் தைமால் கரைசலில் ஈரமாகவே வைக்க வேண்டும். நகப்பூச்சு பூசி, பூச்சுப் படாத ஒரு சின்னச் சன்னல் மட்டும் விட்டு, ஒரு சதவீத சிட்ரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம், பிறகு செயற்கை உமிழ்நீரில், இப்படி நாளுக்குப் பல சுற்று. கொஞ்சம் அமிலத்தில் நிறையப் பற்களைப் போட்டால் வெளியேறும் கால்சியமே அமிலத்தை மந்தமாக்கிவிடும். பற்பசைதான் காப்பாற்றியது என்று தப்பாக எழுதிவிடுவோம். மேற்பரப்பை மெருகேற்றினால் பல்லைக் கெட்டியாக்கும் ஃபுளோரைடு மிகுந்த மேலடுக்கு போய்விடும், அந்தப் பல் வாயில் இருக்கும் பல்லைவிட வேகமாகக் கரையும்.

வாய்க்குள் இடத்தைப் பார்த்தும் காரணம் சொல்லலாம். மேல் முன்பல்லின் உள்பக்கம், அண்ணத்தைப் பார்த்த பக்கம், கரைந்திருந்தால் எதுக்களிப்பையோ அடிக்கடி வாந்தியையோ சந்தேகிக்க வேண்டும். இதைக் கேட்கும்போது தனியாக அழைத்து, மெதுவாகக் கேட்க வேண்டும். வாந்தியை மறைத்து வாழும் இளம்பெண்கள் உண்டு. முன்பல்லின் வெட்டு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் தொழிலைக் கேட்க வேண்டும். அமில ஆவியில் வேலை செய்கிறவர்களுக்கு உதடு மூடாத பகுதிதான் முதலில் போகும். பேட்டரித் தொழிலாளர்களிடம் இது நெடுங்காலமாக அறியப்பட்ட விஷயம். வெள்ளியை அமிலத்தில் காய்ச்சும் இடத்திலும் காற்றோட்டமும் முகக்கவசமும் பல்லுக்காகவும் வேண்டும்.

இந்த வட்டாரத்தில் மூன்றாவதாக ஒன்று குறுக்கே வரும்: ஃபுளோரைடு கறை. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறைக்குள் இறங்கிய ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் வெள்ளைக் கோடும் பழுப்புக் கறையும் விழும். வலது பல்லில் இருப்பது போலவே இடதிலும் இருக்கும், தொட்டால் கெட்டியாக இருக்கும். சொத்தை அப்படி ஜோடி சேர்ந்து ஒரே அச்சில் வருவதில்லை. அந்தக் கறையைப் போக்க எலுமிச்சையும் உப்பும், செங்கல் தூளும் போட்டுத் தேய்ப்பவர்களைத் தடுத்தே ஆக வேண்டும். தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

சொத்தையின் முதல் அடையாளம் ஈறோரத்தில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டு. ஈரத்தில் தெரியாது, ஐந்து விநாடி காற்றடித்து உலர்த்தினால் தெரியும். கூர் ஊசியால் குத்திப் பார்த்தால் மேல்தோல் உடைந்து உண்மையிலேயே குழியாகிவிடும். குத்தாமல் விட்டு, ஃபுளோரைடு கொடுத்தால் மறுபடி கெட்டிப்படும். ஃபுளோரைடு 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவுள்ள பற்பசை, இரண்டு வேளை, துப்பியபின் வாய் கொப்பளிக்காமல். மூன்று வயதுக்குள் அரிசியளவு, ஆறு வயது வரை பட்டாணியளவு. தேய்வு உள்ளவருக்கு மட்டும் வேறு: புளிப்பு சாப்பிட்டதும் வெறும் தண்ணீரில் கொப்பளித்து, அரை மணியாவது கழித்து, மென்மையான பிரஷ்.

குழந்தைகளிடம்தான் மனசு அதிகம் கனக்கிறது. மேல் முன்பல் நான்கும் கறுத்து ஒடிந்து, கீழ்ப்பல் மட்டும் வெள்ளையாக நிற்கும் வாயைப் பார்த்தால், ராத்திரி சர்க்கரைப் பால் பாட்டிலோடு தூங்கிய பிள்ளை என்று ஊகித்துவிடலாம். நாக்கும் அடியில் ஊறும் உமிழ்நீரும் கீழ்ப்பல்லைக் காத்திருக்கும். தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடுவதால் மேல்பல்லுக்குக் காவலே இல்லை. பாட்டிலை ஒரே ராத்திரியில் பிடுங்கினால் வீடே தூங்காது. முதலில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொரு நாளும் பாலைக் கொஞ்சம் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு வாரம் பத்து நாளில் பாட்டிலில் தண்ணீர் மட்டுமே இருக்கும்; பிறகு குழந்தையே அதைத் தள்ளிவிடும்.