வாடகை ரசீதும் வயர்லெஸ் பரீட்சையும்

ஜனவரி 6, 2026, சரவணம்பட்டி

இன்று முதல் சி.டபிள்யூ.என்.ஏ. என்கிற வயர்லெஸ் நெட்வொர்க் சான்றிதழ் பரீட்சைக்கான படிப்பில் முழுசாக இறங்கிவிட்டேன். 90 நிமிடம், 60 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் பாஸ். சிக்னல் பவரை அளக்கும் டெசிபல் கணக்கு பிடிபடாமல் இருந்தது, ஆனால் விதி ரெண்டுதான்: 3 கூடினால் பவர் இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. ரவுட்டர் 20 டிபிஎம்மில் (ஒரு மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் டெசிபல்) அனுப்பினால் 100 மில்லிவாட், அது சுவரெல்லாம் தாண்டி என் போனுக்கு மைனஸ் 70-ஆக வருகிறது என்றால் ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு, அதிலும் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. ராத்திரி வெகுநேரம் இதையே நினைத்துக் கிடந்தேன்.

ஜனவரி 9

வாடகைக்கு வரிச்சலுகை தர ஆபீசில் ரசீது கேட்கிறார்கள். கோபிச்செட்டிபாளையத்து வீட்டுக்கடன் வட்டியையும் கழிக்க வேண்டியிருப்பதால் நான் இன்னும் பழைய வரிமுறையில்தான். மாதம் 12,000, வருடத்துக்கு 1,44,000. ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரர் பான் நம்பர் வேண்டும். கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங் கண்ணு, இதுவரைக்கும் ஆரும் கேட்டதில்லையே" என்றார். எட்டு போர்ஷன், எல்லாம் ரொக்கம். என் சம்பளத்தில் கைக்கு வருவதற்கு முன்பே வரி பிடித்தாகிறது, அவர் வாடகைக்கு மட்டும் கணக்கே கிடையாதா? இது நியாயமில்லை.

ஜனவரி 14

பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக்கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ வைத்துக் கட்டும்போது வீட்டுக்காரரே கூப்பிட்டார், மாடியில் நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால், அதுவும் சேனல் 3-இல். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான், 3-இல் வைத்தால் 1, 6 இரண்டுக்கும் இடைஞ்சல். பக்கத்து போர்ஷன்களை அளந்து பார்த்து 11-க்கு மாற்றி, ரவுட்டரை வெளியே எடுத்து வைத்தேன். சரியானது.

அப்புறம் காப்பி வந்தது, பேச்சும் பான் நம்பருக்கே திரும்பியது. மொத்த வாடகைக்கும் வரி போட்டுவிடுவார்கள் என்றுதான் இத்தனை நாளும் பயந்திருக்கிறார். பேப்பரில் போட்டுக் காட்டினேன்: எட்டு வீட்டுக்கும் 11,52,000. கட்டிய சொத்துவரி 22,000 போனால் 11,30,000. அதில் 30 சதவீதம், மராமத்து செய்தாலும் செய்யாவிட்டாலும், கழித்துவிடலாம். மிச்சம் 7,91,000. புதிய வரிமுறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை இந்த வருடம் வரியே இல்லை, ஆனால் ரிட்டர்ன் போட்டே ஆகணும்.

"அப்போ வீட்டுக்கு முன்னாடி இருக்கற கடை வாடகையும் காட்டோணுமா?"

"காட்டோணுமுங்க." அதைச் சேர்த்தால் 12 லட்சத்தைத் தாண்டும், வரி வரும். அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை.

ஜனவரி 19

பான் நம்பரை காலண்டர் தாளில் எழுதிக் கொடுத்தார். கடைக் கணக்குக்கு ஆடிட்டரைப் பார்க்கப் போகிறாராம், பழைய வருடங்களையும் கேட்டுக்கொள்ளுங்க என்றேன், பதில் சொல்லவில்லை. ரசீதை ஆபீசில் கொடுத்தாயிற்று. ராத்திரிக்கு ஆன்டெனா பாடம்.