"யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கள்லக்கா?"

அவன் அப்படிக் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரியானது என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. அதைச் சொன்ன வேகத்தை நினைத்தால்தான் நிம்மதியில்லை.

2021-இல் தமிழக அரசின் மாலை வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்த நான், மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை கணக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில், பெரிய வகுப்புக்குப் போய்விட்ட செல்லூர்ப் பிள்ளைகளையும் விடாமல் மாடியில் உட்காரவைத்துக்கொண்டிருந்தேன். மனநலம் என்ற சொல்லெல்லாம் அப்போது எங்களிடம் இல்லை. பாடம் முடிந்தும் கிளம்பாமல், செருப்பை மாட்டுவதற்கே பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிற பிள்ளைக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது. பிறகுதான் ஒரு மனநல ஆலோசகர் வந்து ஒரு நாள் பயிற்சி கொடுத்தார். குழந்தைகள் உதவிக்கான 1098, மனநல உதவிக்கான 14416 என்ற இரண்டு தொலைபேசி எண்களைக் கதவருகே எழுதி ஒட்டினோம். ரகசியம் காப்பதாக எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் அன்று கற்றதுதான்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அவன் படிக்கட்டருகே நின்று அந்தக் கேள்வியைக் கேட்டான். "அப்படி வாக்குக் கொடுக்க முடியாதுப்பா, உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா நான் சொல்லித்தான் ஆகணும்" என்றேன். ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகியிருக்காது. அவன் சிரித்தான். "அப்ப நீங்களும் டீச்சர்தான்க்கா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டான்.

என் தரப்பில் நியாயம் இருக்கிறது. அவன் சொல்லவிருந்தது பாலியல் சீண்டலாக இருந்திருந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி அதை அறிந்த எவரும் புகார் செய்தே ஆக வேண்டும். தன்னார்வலர் என்பதற்காக எனக்கு விலக்குக் கிடையாது. வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறியிருந்தால், பெரியவர்கள் ஒருவரையும் அவன் மறுபடி நம்பியிருக்க மாட்டான். இத்தனையும் உண்மைதான். ஆனால் ஆசிரியராகவும் தாயாகவும் அதிகாரியாகவும் நான் இல்லாததால்தானே அவன் என்னிடம் வந்தான்? சம்பளமில்லாத இந்த வேலைக்கு மதிப்பென்று ஒன்று உண்டானால் அது அங்கேதான் இருந்தது. "உட்காருப்பா, சாப்பிட்டியா?" என்று தொடங்கி, அதன் பிறகு அதே வரம்பைச் சொல்லியிருக்கலாம். அவனைக் காப்பதற்கென்று வைத்த விதி அன்று முதலில் என்னைத்தான் காத்தது என்று தோன்றுகிறது. மறுநாளே, நிதானமாகப் பேசியிருந்தாலும் அவன் போயிருப்பான் என்றும் தோன்றிவிடும்.

அதன்பின் இரண்டு நாள் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான், பிறகு வரவில்லை. அவன் வகுப்பாசிரியரை அழைத்து, ஒழுங்காக வருகிறானா என்று மட்டும் கேட்டேன். வருகிறான், மதிப்பெண்ணும் பரவாயில்லை என்றார். நான் விசாரித்தது அவன் காதுக்குப் போயிருந்தால், அவன் என்னைப் பற்றிச் சொன்னது உறுதியாகியிருக்கும். ஆறு மாதம் கழித்துக் கோரிப்பாளையம் சிக்னலில், நண்பனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்துக் கையசைத்தான். அந்தக் கையசைப்புக்கு நானும் என்னென்னவோ பொருள் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இப்போது புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுப்பவள் நான்தான். அவனுடைய பெயரைத் தவிர்த்து, நடந்ததையும் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். சென்ற மாதம் கல்லூரி மாணவி ஒருத்தி, "நீங்க அப்படிச் சொன்னதுக்கு அந்தப் பையன் என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்குப் போய்விட்டான் என்றேன்.