மொரென்ஸின் கால்

பெப்ரவரி 4
ஒப்பரேஷன் முடிந்தது. அப்பாவின் முறிந்த காலில் தகடும் ஆணிகளும் வைத்திருக்கிறார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது ஐஸ் ஹொக்கி ஸ்கோர்.

பெப்ரவரி 6
வயிற்றில் தினமும் ஒரு ஊசி. படுத்தே கிடப்பவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க என்றார் தாதி. அந்தக் கால ஹொக்கி வீரர் ஹவி மொரென்ஸ் நினைவுக்கு வந்தார். வந்தவர் போகவில்லை.

பெப்ரவரி 7
நித்திரை இல்லை. 1937 ஜனவரி 28, இதே மொன்ட்ரியலில், ஃபோரம் அரங்கில் சிக்காகோவோடு ஆட்டம். பக் என்கிற ஹொக்கி வட்டைத் துரத்திப்போன மொரென்ஸின் ஸ்கேட் ஓரப் பலகையில் செருகிவிட்டது. பின்னால் வந்த சிக்காகோ வீரர் ஏர்ல் சைபர்ட் அந்த வேகத்திலேயே அவர்மேல் விழுந்தார். கால் முறிந்தது. மார்ச் 8 இரவு ஆஸ்பத்திரியிலேயே உயிர் போய்விட்டது. வயது 34.

காரணம் ரத்தக்கட்டி. அதே வருடங்களில் டொரன்டோவில் சார்ல்ஸ் பெஸ்ட்டின் குழு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்தைச் சுத்திகரித்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் போடும் ஊசி அந்த ஹெப்பரினிலிருந்து வந்ததுதான். டொரன்டோ எவ்வளவு தூரம்? ஒரு பகல் ரயில். அந்த ஒரு பகலை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

பெப்ரவரி 8
காலை ஊசி பிந்திவிட்டது. இரண்டு தரம் போய்க் கேட்டேன்.

பெப்ரவரி 11
அப்பா இன்று நிறையக் கதைத்தார். எல்லாம் மொரென்ஸ். ஸ்ட்ராட்ஃபர்ட் ரயில் பட்டறைப் பையன். 1923இல் மொன்ட்ரியல் அணியான கனடியன்ஸோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு, வர மனமில்லாமல் பணத்தைத் திருப்பி அனுப்பியவர். விடவில்லை, வரவைத்தார்கள். 1929-30இல் 44 ஆட்டத்தில் 40 கோல். அணிக்கு மிகவும் பெறுமதியான வீரருக்கான ஹார்ட் விருது மூன்று தரம், சம்பியன் அணிக்கான ஸ்டான்லி கிண்ணமும் மூன்று தரம். வேகம் குறைந்ததும் 1934இல் சிக்காகோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு நியூயோர்க். 1936இல்தான் திரும்பி வந்தார். வந்த அந்தப் பருவத்திலேயே கால் போனது.

"காலாலை சாகேல்லை பிள்ளை. இனி விளையாட ஏலாதெண்டு தெரிஞ்சுது பார், அதாலைதான்."

கூட விளையாடிய ஜோலியட்டும் அப்படித்தான் நம்பினாராம். எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. மனம் உடைந்து செத்தார் என்றால் யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்று ஆகிவிடும். செய்திருக்கலாம். எழுப்பி நடக்கவைத்திருக்கலாம்.

பெப்ரவரி 12
நடக்க மாட்டாராம். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் சத்தம் போட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெப்ரவரி 13
நாலு அடி வைத்தார்! நாலு அடி!

பெப்ரவரி 14
ஃபோரத்தின் நடுவில், ஐஸின் மேல் மொரென்ஸின் சவப்பெட்டியை வைத்தார்கள். ஆயிரம் ஆயிரமாய்ச் சனம் வந்து பார்த்ததாம். அப்பா படத்தைக் கேட்டார். காட்டவில்லை.

பெப்ரவரி 15
இடது கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது. தொட்டால் சூடு. முறியாத கால் அது. டொக்டர் அமத்திப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு ஸ்கேன். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்துவிட்டது