வத்தல்மலையில் 61 சிக்னி

தர்மபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஜீப்பில் ஏறும்போதே இருட்டிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் சரிவோரத்து சில்வர் ஓக் மரம் ஒன்று, கீழே வெகுதூரத்தில் மின்னிய ஊர் விளக்குகளுக்கு எதிரே இடம் மாறி மாறி நின்றது. நகர்ந்தது நாங்கள்தான். நான் பார்க்கப்போன 61 சிக்னி என்ற நட்சத்திரத்தின் தூரத்தை 1838-இல் ஜெர்மானிய வானியலாளர் பெசல் கண்டறிந்ததும் இப்படித்தான். ஆறு மாதத்தில் பூமி 30 கோடி கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. அப்போது அந்த நட்சத்திரம் பின்னணி நட்சத்திரங்களுக்கு எதிரே கொஞ்சம் விலகித் தெரியும். அந்த விலகல், ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் வரும் ஒரு விகலை அளவுகூட இல்லை! அதை அவர் அளந்தாரே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

தங்கிய வீட்டில் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் தொலைநோக்கியை நிறுத்தினேன். கார்த்திகை பிறந்திருந்த வாரம். மழை ஓய்ந்து, நிலவும் இல்லாத வானம். வடமேற்கில் அன்ன மண்டலத்தின் டெனப் பளிச்சென்று இருந்தது. அம்மண்டலத்து நட்சத்திரங்களான டெனப், ஸடர், கியனா மூன்றையும் மூன்று மூலைகளாக வைத்து ஓர் இணைகரத்தை மனத்தில் வரைந்தால், நான்காவது மூலையில் மங்கலாக ஒரு புள்ளி. அதுதான் 61 சிக்னி. வெறும் கண்ணுக்கு அவ்வளவுதான்.

டெனப் ஆயிரம் ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருக்கிறது. இந்த மங்கலான புள்ளிக்கு 11.4 ஒளியாண்டுதான். தொலைநோக்கியில் அது இரண்டாகப் பிரிந்தது. பெரியதன் ஒளி சூரியனுடையதில் ஏழில் ஒரு பங்கு அளவே. சின்னது அதிலும் குறைவு. சூரியப் பரப்பின் வெப்பம் சுமார் 5,800 கெல்வின் என்றால், இவற்றுக்கு 4,500, 4,100 அளவில்தான். ஆரஞ்சு நிறம் அதனால் வருவது.

நிறம் தெளிவாகத் தெரிய ஒரு வழி உண்டு: குவியத்தை லேசாகக் கலைத்துவிட வேண்டும். ஒளிப்புள்ளி சிறு வட்டாக விரிந்ததும் நிறம் தானாக ஏறியது. வீட்டுக்கார அக்காவை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. “காப்பிப் பழம் சிவப்பதற்கு முன் ஒரு நிறம் வருமே, அதுதான் தம்பி” என்றார். இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒன்பது மணிக்குப் பனிமூட்டம் ஏறி, லென்ஸில் நீர் கோத்தது. அதற்குள் அந்த ஜோடியையும் சுற்றியிருந்த சிறு நட்சத்திரங்களையும் நோட்டில் வரைந்துகொண்டேன். பூமி நகர்வதால் தெரியும் விலகல் போக, தன் சொந்த ஓட்டத்தாலேயே ஆண்டுக்கு 5 விகலைக்குச் சற்று மேல் நகரும் நட்சத்திரம் இது. பத்தாண்டில், இரண்டுக்கும் இடையே இப்போது தெரியும் இடைவெளியைவிட அதிக தூரம் தள்ளிப் போயிருக்கும். அந்தப் படத்தோடு இதே முற்றத்துக்கு வருவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.